பாழடைந்த ஊர்களைத் தேடி பர்மாவுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பம் 1964-ல் மற்ற இந்தியர்களைப் போலக் கப்பலேறாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்ட கிளை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும், "அங்கே நம்ம ஆள் ஒருத்தங்க இருக்காங்க" என்று என் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தாத்தாவின் கடையைத் தேடுகிறார்கள். மற்றவர்களுக்கு இடிந்த கோயில், ஆளில்லாத ஊர், புல் முளைத்த ரயில் பாதை இதெல்லாம் பார்க்க ஆசை. இரு தரப்பும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பர்மாவுல பாழடைஞ்ச ஊருன்னா பாகான் மட்டும்தானா? வேற இருக்கா அக்கா?

நிறைய இருக்கிறது. பாகானைப் போல ராஜாக்கள் விட்டுப்போன தலைநகரங்கள் இன்வா, அமரபுரா, மிராவ்க்-ஊ. அவற்றுக்கெல்லாம் முந்தியவை பியூ மக்களின் ஹலின், பெய்க்தானோ, ஸ்ரீக்ஷேத்ரா. இந்த மூன்றும் 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின, இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அதுதான். பெய்க்தானோ என்ற பெயருக்கு விஷ்ணுவின் ஊர் என்று பொருள். இன்று அங்கே செங்கல் அடித்தளங்களும் வயலும்தான்.

இவை தவிர, வியாபாரிகள் விட்டுப்போன கிட்டங்கிகள் (கடையும் தங்கும் இடமுமான கட்டடங்கள்), அரசாங்கம் காலிசெய்த அலுவலகங்கள், யுத்தம் விட்டுப்போன ரயில் பாதை என்று வேறு வகைகளும் உண்டு. என் மனசுக்கு நெருக்கமானவை இவைதான், கீழே அதிகம் வருவதும் இவைதான்.

இடிஞ்சு கிடக்கறதைப் பார்த்தா ஏன் மனசு ஒரு மாதிரி ஆகுது? துக்கமாவும் இருக்கு, அங்கேயிருந்து கிளம்பவும் மனசு வரமாட்டேங்குது.

எனக்கும் அப்படித்தான். ஏன் என்று வெகு நாள் தெரியாமலிருந்தது. ஐராவதி டெல்டாவில் ஒரு சின்ன ஊர். அங்கே பூட்டிக் கிடந்த ஒரு கிட்டங்கிக்குள் போக ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. காரை உதிர்ந்த சுவர், ஓட்டுக்கு நடுவே வானம், தரையில் வௌவால் எச்சம். பாழான வீட்டில் எதிர்பார்ப்பது எல்லாம் இருந்தது, மனசு அசையவில்லை. திரும்பும்போது நிலைப்படிக்குப் பக்கத்தில் விளக்கு மாடத்தைப் பார்த்தேன். மாடத்தின் உள்சுவரில் சுடர் பட்ட கறை. அது நேராக மேலே போகவில்லை, உள்பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது. வாசலிலிருந்து காற்று வந்திருக்கிறது. விளக்கேற்றும் நேரத்தில் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கறை அப்படியே படியும் அளவுக்கு வருஷக்கணக்கில். தொட்டேன், விரலில் கரி ஒட்டியது. அப்போதுதான் கண் கலங்கியது.

அதற்கப்புறம் எனக்குத் தோன்றுவது இது. வெறும் கல்லும் மண்ணும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஒரு கை தினமும் செய்துவந்த காரியம் ஒருநாள் நின்றுபோன தடயம்தான் பிடித்து நிறுத்துகிறது. மிச்சத்தை மனசு தானே நிரப்பிக்கொள்கிறது. அப்படி நிரப்பும்போது நம் வீட்டு விளக்கும் நம் பாட்டியின் கையும் அதில் வந்துவிடுகின்றன. துக்கமும் கிளம்ப மனமில்லாததும் சேர்ந்தே வருவது அதனால்தான். சங்கப் புலவர்கள் பாலை நிலத்துப் பாழூரைப் பாடும்போது, தெய்வம் நீங்கிப்போன தூணையும் மெழுகாமல் விட்ட திண்ணையையும் காட்டுகிறார்கள். அவர்களுக்கும் உறுத்தியது இடிபாடு அல்ல, நின்றுபோன மெழுகல்தான்.

இன்வாவைச் சண்டையில அழிச்சிட்டாங்களா?

சண்டையும் பார்த்த ஊர்தான், ஆனால் கடைசியாகக் காலியானது நிலநடுக்கத்தால். 1365-ல் தலைநகரானது, இடையிடையே விட்டுவிட்டு ஏறத்தாழ ஐந்நூறு வருஷம் ராஜாக்கள் அங்கே இருந்தார்கள். 1839 மார்ச்சில் பூமி அதிர்ந்து நகரம் உருக்குலைந்தது. சில வருஷங்களில் அரசவை அமரபுராவுக்குப் போய்விட்டது. 1857-ல் மிண்டோன் ராஜா மண்டலேயை நிறுவி அமரபுராவையும் விட்டுப் போனார்.

போகும்போது அரண்மனையையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். பர்மிய அரண்மனைகள் தேக்கு மரத்தால் ஆனவை, கழற்றி மாட்டலாம். மண்டலேயில் இன்று இருக்கும் ஷ்வேநந்தா மடாலயத்தைப் பாருங்கள். அது அமரபுரா அரண்மனையின் ஒரு பகுதி. மண்டலே அரண்மனைக்குள் வந்தது. மிண்டோன் 1878-ல் இறந்தபின் அவர் மகன் தீபா அதைக் கோட்டைக்கு வெளியே எடுத்துவைத்து மடமாக்கினார். 1945-ல் அரண்மனை ஏறக்குறைய முழுக்க எரிந்தபோது வெளியே இருந்த இது தப்பியது. கதவுச் சிற்பங்களின் ஓரத்தில் இன்னும் பொன் பூச்சு தெரியும்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் இன்வாவை மறுபடியும் அடித்தது. 1822-ல் கட்டிய செங்கல் மடாலயத்துக்குப் பலத்த சேதம், 1934-ல் கட்டிய பழைய இன்வாப் பாலம் ஆற்றில் விழுந்தது. முன்பு பார்த்தவர்கள் சொல்லும் இன்வாவும் இன்று நீங்கள் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

பாகான்ல ரெண்டாயிரம் கோயில் நிக்குது, ஒரு வீடுகூட இல்லையே, ஜனங்க எங்கே இருந்தாங்க?

மேலே அரண்மனையைப் பற்றிச் சொன்னதுதான் இதற்கும் பதில். மனிதர் வாழ மரமும் மூங்கிலும், புத்தருக்குச் செங்கல். வீடுகள் மக்கிப்போயின, செங்கல் நின்றது. பத்தாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள் என்கிறார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கிறது. சாயங்காலம் அந்தச் சமவெளியைப் பார்க்கிறவர்கள் ஜனமே இல்லாத ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே ஜனங்கள் என்றும் இருந்தார்கள். பழைய பாகானுக்குள் குடியிருந்தவர்களை 1990-ல் அரசு கட்டாயமாக வெளியேற்றி, தெற்கே புது பாகானில் குடியேற்றியது. அந்த வெறுமையில் ஒரு பகுதி எண்ணூறு வருஷப் பழமை, ஒரு பகுதி என் வயசுக்காரர்கள் இழந்த வீடு. இரண்டையும் ஒரே அந்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாகானில் தமிழ் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. மலைமண்டலம் என்ற கேரளத்து மாகோதயர் பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்ற இந்த ஊரில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததைச் சொல்கிறது. நானாதேசி என்றால் பல நாடுகளிலும் வியாபாரம் செய்த வணிகர் கூட்டம். கோயில் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, மண்டபம் போய்விட்டது, கதவும் விளக்கும் போய்விட்டன. விளக்கு வைத்தேன் என்ற சொல் மட்டும் கல்லில் இருக்கிறது. டெல்டாவில் பார்த்த மாடத்தோடு இதையும் சேர்த்துத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

மிங்குன்ல ஒரு பெரிய செங்கல் மலை இருக்கே, அது எந்த ஊரோட இடிபாடு?

எந்த ஊருடையதும் அல்ல. போதபயா ராஜா 1790-ல் தொடங்கிய பகோடா அது. 150 மீட்டர் உயரம் வர வேண்டியது, மூன்றில் ஒரு பங்குதான் எழுந்தது. முடிக்காமலே 1819-ல் அவர் இறந்துபோனார். முகப்பில் தெரியும் பிளவுகள், மேலே இன்வாவுக்குச் சொன்ன அதே 1839 நிலநடுக்கத்தால் வந்தவை.

எங்க தாத்தா கடை மொகல் தெருவுல இருந்ததாம். இப்போ போனா கண்டுபிடிக்க முடியுமா?

முடியலாம். முதலில் தெருப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மொகல் தெரு இப்போது ஷ்வே போந்தா தெரு. டல்ஹௌசி தெரு மஹா பண்டூலா சாலை. ஃப்ரேசர் தெரு அனவ்ரட்டா சாலை. மான்ட்காமரி தெரு போஜோ ஆங் சான் சாலை. ஃபேர் தெரு பன்சோடான். ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜா தெரு. பழைய கடிதத்தின் தலைப்பில் இந்தப் பெயர்களில் ஒன்று கண்டிப்பாக இருக்கும். கதவு எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள், தெருமுனையிலிருந்து எத்தனையாவது கட்டடம், பக்கத்தில் மசூதியா கோயிலா என்று பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் அது அதிகம் உதவும்.

மொகல் தெரு செட்டியார்களின் வட்டிக்கடைத் தெரு. ஒரே கட்டடத்தில் பல கடைகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடியும் பாயும் கணக்குப் பெட்டியும், இரவில் அங்கேயே படுக்கை. 1930 வாக்கில் பர்மா முழுக்க ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்கள் நிலம் 1930-களின் கடைசியில் நூற்றுக்கு இருபத்தைந்தானது. தாத்தா பெருமையோடு இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் பேரனும் இதே தெருவில் நடக்கிறான்.

அவங்க எல்லாம் எப்போதான் போனாங்க? சிலர் 42-ங்கிறாங்க, சிலர் 64-ங்கிறாங்க.

இரண்டும் சரி. யுத்தத்துக்கு முன் ரங்கூனில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் குண்டு போட்டது, 1942 மார்ச் 8-ல் நகரம் விழுந்தது. நாலைந்து லட்சம் பேர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கொஞ்சம், மற்றவர்கள் நடந்தார்கள், தவுங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்விட்டார்கள். எங்கள் பாட்டி அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் தண்ணீர் கேட்டவர்களைத் தாண்டி நடந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மேற்கொண்டு நாங்கள் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து பலர் திரும்பி வந்தார்கள். ராணுவத் தளபதி நே வின்னின் ஆட்சியில் 1963-ல் வங்கிகளும் 1964-ல் கடைகளும் அரசுடைமையாயின. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தார்கள். இரண்டாவது முறை லட்சக்கணக்கில் கிளம்பியவர்கள் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நகையைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வைக்கவேண்டி வந்தது. தமிழ்நாட்டில் பர்மா காலனி என்று பெயர் வைத்த குடியிருப்புகளும் சென்னை பர்மா பஜாரும் அப்படி வந்தவைதான். சிலர் தமிழ்நாட்டில் பிழைக்க முடியாமல் பர்மாவுக்கே திரும்ப நினைத்து மணிப்பூர் எல்லை வரை வந்து, கடக்க முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருக்கின்றன.

தாத்தா வீட்டைக் கண்டுபிடிச்சிட்டோம். ஆனா பர்மாக்காரங்க குடியிருக்காங்களே, அப்போ அது பாழடைஞ்ச வீடுன்னு எப்படிச் சொல்றது?

சொல்லக்கூடாது. அது அவர்கள் வீடு. பலர் அங்கேயே பிறந்தவர்கள், உங்கள் தாத்தா இருந்ததைவிட அதிக வருஷம் இருந்துவிட்டவர்கள். நமக்குக் காலியாகத் தெரிவது நம் ஆட்கள் இல்லாததால்.

போகும்போது கீழே நின்று "இது எங்க வீடு" என்று தமிழில் சத்தமாகப் பேசிக்கொள்ளாதீர்கள், கையைக் காட்டினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். சொத்துக் கேட்டு வந்திருக்கிறார்களோ என்ற பயம் இங்கே உண்டு. ஒரு டப்பா பிஸ்கெட்டோ பழமோ வாங்கிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு, வயசான அம்மாவாக இருந்தால் முதலில் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். தாத்தாவின் போட்டோ இருந்தால் காட்டுங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா போட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கனமான இரும்புச் சாவியை எடுத்து வந்தார். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, நாங்கள் வந்தபோதே இருந்தது, தூக்கிப்போட மனசு வரவில்லை என்றார். அறுபது வருஷமாக ஆணியில் மாட்டி வைத்திருந்திருக்கிறார்.

பத்திரம் எங்ககிட்ட இருக்கு. சொத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

அந்த எண்ணத்தோடு வராதீர்கள். விவசாய நிலம் சுதந்திரத்துக்குப் பின் வந்த நிலச் சட்டங்களாலேயே போய்விட்டது, கடைகள் போன விதம் மேலே சொன்னேன். வெளிநாட்டவர் இங்கே நிலமோ கட்டடமோ வாங்குவதையும் உரிமை மாற்றுவதையும் 1987 சட்டம் தடுக்கிறது. பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள், அதில் மனை எண்ணும் எல்லைகளும் இருக்கும், இடத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல துணை இல்லை.

ஊர்ல தமிழ் ஆளே இல்லை, கோயில் மட்டும் இருக்குன்னு சொன்னாங்க. அங்கே யாரு விளக்கேத்துறா?

"கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்" என்று படித்து வளர்ந்தவர்கள் போன இடத்தில் எல்லாம் முதலில் கோயிலைத்தான் கட்டினார்கள். குடி போய்விட்டது, கோயில் நிற்கிறது. செட்டியார்கள் மட்டும் அறுபதுக்கு மேல் தண்டாயுதபாணி கோயில்கள் கட்டினார்கள். சிலவற்றில் பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பம் வாரம் ஒருமுறை வந்து திறக்கிறது. சிலவற்றில் பர்மியர்களே கும்பிடுகிறார்கள். நம் சாமிகளை அவர்கள் நாட் என்னும் தங்கள் தெய்வங்களைப் போல நம்புகிறார்கள், காளிக்கும் முனீஸ்வரருக்கும் நேர்ந்துகொள்கிறார்கள், தேங்காயும் வாழைத்தாரும் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு கோயிலில் முகத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மியப் பெண் தினமும் சாயங்காலம் விளக்கேற்றினாள். மந்திரம் தெரியாது, சாமி பெயர்கூட வேறு மாதிரிதான் சொன்னாள். வேலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, புளி போட்டுத் தேய்க்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். பித்தளை மஞ்சள் தெரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. பாழடைந்த கோயில்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் அதில் அந்தக் கோயிலும் இருக்கும். அது தப்பு.

சயாம் மரண ரயில் பாதையில செத்த நம்ம ஆளுங்களுக்கு இங்கே சமாதி இருக்கா?

பெயர் எழுதிய சமாதி இல்லை. யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட பாதை அது. அதன் பர்மா முனை தன்பியூசயாத். அங்கே யுத்த மயானம் ஒன்று இருக்கிறது, புல் ஒரே அளவாக வெட்டி, வரிசை தப்பாமல் கல் வைத்திருக்கிறார்கள். 3,149 பேர் காமன்வெல்த் படைகளைச் சேர்ந்தவர்கள், 621 பேர் டச்சுக்காரர்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயசு, அம்மாவோ மனைவியோ எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கும்.

415 கிலோமீட்டர் பாதையை 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டார்கள். போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் என்றால் ஆசியத் தொழிலாளிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பகுதி தமிழர். பர்மியர்களையும் வியர்வைப் படை என்று பெயர் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். காலரா வந்த முகாம்களில் மொத்தமாகக் குழி வெட்டினார்கள், எரித்தார்கள். பட்டியல் யாரும் எழுதவில்லை.

யுத்தத்துக்குப் பின் இந்தப் பக்கத்துத் தண்டவாளம் கைவிடப்பட்டது. தன்பியூசயாத்தில் ஒரு பழைய எஞ்சினும் கொஞ்ச தூரத் தண்டவாளமும் காட்சிக்கு இருக்கின்றன, அதைத் தாண்டி ரப்பர் மரங்களும் காடும். இந்த நாட்டில் என்னால் அழகு என்று சொல்லவே முடியாத பாழ் இது ஒன்றுதான். மயானத்துக்குப் போனால் பூ கொண்டுபோங்கள், அங்கே கல்லில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வையுங்கள், திரும்பும் வழியில் பாதை போன திசையில் மரத்தடியில் ஒரு பிடி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பேய் கீய் இருக்குமா அக்கா?

பழைய செங்கல் கோயில்களில் புதையலைக் காக்கும் ஆவி உண்டு என்று பர்மியர்கள் நம்புகிறார்கள். உள்ளே நுழையுமுன் அனுமதி கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள், குறைந்தா போய்விடுவோம்.

உயிருக்கு உண்மையான ஆபத்து வேறு. கண்ணாடி விரியன் முதலாவது. பாகான், மண்டலே வட்டாரத்தில் அதன் கடி அதிகம். புத்தர் கோயில் எவ்வளவு இடிந்திருந்தாலும் செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும், அதனால் வெளிச்சம் இல்லாத நேரத்தில் போகாதீர்கள், செங்கல் குவியலில் கை வைக்காதீர்கள். இரண்டாவது மரத்தளம். தேக்கு மக்காது என்று நம்பிக் கால் வைப்பார்கள். தேக்கு நிற்கும், அதைத் தாங்கும் ஆணியும் சுவரும் நிற்காது. மூன்றாவது, 2025 அதிர்ச்சியில் விரிசல் விட்ட வளைவுகள், கீழே நின்று போட்டோ எடுக்க வேண்டாம். அப்புறம், 2021-க்குப் பிறகு பல மாவட்டங்களில் சண்டை நடக்கிறது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அந்த வாரம் அந்த ஊரிலிருந்து வந்தவரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

ஞாபகத்துக்கு ஒரு செங்கல், ஒரு ஓடு எடுத்துட்டு வரலாமா?

தொல்லியல் இடங்களில் கூடவே கூடாது, சட்டப்படி குற்றம். பாகான் செங்கற்களில் அதைச் செய்துகொடுத்த ஊரின் பெயர் அச்சிட்டிருக்கும். எந்த ஊர் எந்தக் கோயிலுக்குக் கொடுத்தது என்பதற்கு அந்தச் செங்கல் அங்கே இருப்பதுதான் சாட்சி.

தாத்தா கடை இருந்த தெருவில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்ட பெரியம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இடிஞ்ச வீட்டை அழகா போட்டோ எடுக்கறது தப்பா? சிலர் திட்டறாங்களே.

எடுப்பது தப்பில்லை. எப்படி எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ரங்கூன் நகர நடுவில் ஒரு பழைய வீட்டின் படியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டியை, படத்தில் வீடு காலியாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் எழுந்து தள்ளிப் போகச் சொன்னதை நேரில் பார்த்தேன். பாட்டி வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். படம் நன்றாக வந்தது, அதில் இருப்பது பொய். யாரும் இல்லாத சோகத்தை அவர் செய்துகொண்டார். பாட்டியோடு எடுத்திருந்தால் அந்த வீட்டைப் பற்றி நான்கு விஷயம் தெரிந்திருக்கும்.

மாடத்துக் கறையை நான் போட்டோ எடுக்காமல் வந்துவிட்டேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன், அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவர் விழுந்துவிட்டது. அதனால் எடுங்கள், நிறைய எடுங்கள், தேதியும் தெருவும் எழுதி வையுங்கள்.

செப்பனிட்டுப் புதுசாக்கிட்டா அந்த உணர்ச்சி போயிடாதா? அப்படியே விட்டுடலாமே?

உணர்ச்சிக்காகக் கட்டடத்தை விழவிடச் சொல்வது, பார்க்க வருகிறவர் மட்டும் சொல்லக்கூடிய பேச்சு. மழைக்காலத்தில் அதற்குள் படுத்துத் தூங்குகிறவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆனால் மோசமான செப்பனிடலும் உண்டு. 1990-களில் பாகானில் நூற்றுக்கணக்கான கோயில்களுக்குப் புதுச் செங்கல்லில், எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்திலேயே மேல்பகுதி கட்டினார்கள். 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் கீழே விழுந்ததில் கணிசமானது அந்தப் புதுக் கட்டுமானம். அதற்குப்பின் நிதானமாகச் செய்தார்கள், 2019-ல் பாகானும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரங்கூன் தலைமைச் செயலகம் இதற்கு நேர்மாறு. 1905-ல் முடித்த செங்கல் கட்டடம், பர்மாவின் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் 1947 ஜூலை 19-ல் சுட்டுக்கொல்லப்பட்டது அங்கேதான். 2005-ல் தலைநகரம் நேபிடாவுக்குப் போனபோது காலியாகி, ஜன்னல் வழியே மரம் வளர்ந்தது. வேலிக்கு வெளியே நின்று அந்த மரத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. இப்போது பழுதுபார்த்து உள்ளே விடுகிறார்கள். இரும்புச் சுழல்படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, மரம் போனதற்காக நான் வருத்தப்படவில்லை.

நேபிடாவும் பேய் ஊர்தான்னு சொல்றாங்களே, இருபது வழிச் சாலையில வண்டியே இல்லையாம்?

சாலை அகலம், வண்டி குறைவு, அது உண்மை. ஆனால் அரசு ஊழியர்கள் குடும்பத்தோடு வாழும் ஊர். யாரும் அங்கிருந்து போய்விடவில்லை, வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. மிங்குனுக்குச் சொன்னதுபோல வேறு வகை வெறுமை. அங்கே எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

செட்டிநாட்டு வீடுகளும் பூட்டித்தானே கிடக்கு? அதைப் பார்க்க பர்மாவுக்கு ஏன் வரணும்?

ஒன்றைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும் என்பேன். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் தூணும் உத்தரமும் பெரும்பாலும் இங்கிருந்து போன தேக்கு. இங்கே சம்பாதித்ததைக் கொண்டு அங்கே கட்டினார்கள். ஆண்கள் மூன்று மூன்று வருஷமாக இங்கே இருந்ததால் அந்தப் பெரிய வீடுகளில் அப்போதே பாதி அறைகள் காத்துக்கொண்டுதான் இருந்தன. இங்கே கிட்டங்கியில் பாய் விரிக்கும் இடம்தான் ஒருவருக்குச் சொந்தம். அங்கே பூட்டிய வீட்டையும் இங்கே அந்தப் பாயளவு இடத்தையும் பார்த்தால்தான் ஒரு குடும்பத்தின் கணக்கு நேராகும்.

இவ்வளவு தூரம் வந்தும் ஒண்ணுமே கிடைக்கலைன்னா? கட்டடத்தை இடிச்சு அடுக்குமாடி கட்டியிருந்தா?

அப்படித்தான் பலருக்கும் ஆகிறது. அப்போது நான் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போவேன். கும்பிட அல்ல, தரையைப் பார்க்க. நம் ஆட்கள் கல் பதித்தால் அதில் உபயம் எழுதாமல் விடமாட்டார்கள். பிரகாரத்துப் பளிங்கிலும் படியிலும் மணியிலும் குத்துவிளக்கின் அடியிலும் பெயர் இருக்கும், சொந்த ஊர் இருக்கும், கடையின் பெயரான விலாசம் இருக்கும். வெள்ளைத் தாளும் மெல்லிய பென்சிலும் கொண்டுவாருங்கள், தாளை மேலே வைத்துத் தேய்த்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தேய்ப்பது நல்லது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், முப்பது வயசு இருக்கும். கடை இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம், கீழே கைபேசிக் கடை. கோயிலில் சாயங்காலம் வரை தரையைத் துடைத்துக்கொண்டே போனோம். தெற்குப் பிரகாரத்தில், எல்லாரும் மிதித்து நடக்கும் இடத்தில், அவள் கொள்ளுத்தாத்தாவின் விலாசம் அகப்பட்டது. கீழே இருந்த வருஷத்தை அவளால் படிக்க முடியவில்லை, தமிழ் எண்ணில் வெட்டியிருந்தது. ௧௯௩௪, அதாவது 1934 என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அவள் செருப்பில்லாத காலை அந்தக் கல்லிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கல்லில் வைத்துக்கொண்டு, தாளை விரித்தாள்.